செல்ஃப் எடுக்காத வண்டி: பேட்டரியை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா?

காலை ஆறரை மணி. பட்டனை அமுக்கினால் சீட்டுக்கு அடியில் பல்லி கத்துவது போல டிக் டிக் டிக். மீட்டர் விளக்கு மங்கி மங்கி எரிகிறது. டீக்கடையில் நிற்பவர் "பேட்டரி போச்சு" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் "இல்ல, காயில்" என்கிறார். எதிர்வீட்டுப் பையன் "ரிலேண்ணா அது" என்கிறான். மூவரில் ஒருவரும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் என்னிடம் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள்: நேராகப் புது பேட்டரி வாங்கிவிடலாமா, தெரு மெக்கானிக்கிடம் விடலாமா, ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையா, கம்பெனி சர்வீஸா? நான் மெக்கானிக் இல்லை. ஒரே வண்டிக்கு ஏழு மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கியவன், அவ்வளவுதான் தகுதி. அந்தக் கதை கீழே வருகிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வண்டிகளுக்கு வரும் கரண்ட் கோளாறு தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ ஓடும் வண்டியுடையது மாதிரி இருக்காது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாகவே வண்டி நிற்கிறது. உப்புக்காற்று கப்ளருக்குள் (வயரோடு வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) புகுந்து செப்புப் பின்னைப் பச்சையாக்கிவிடும். மீன் கூடை கட்டிய வண்டிகளில் ஐஸ் கரைந்து வழியும் உப்புத்தண்ணீர் நேராகப் பின்சீட்டுக்கு அடியில் போகும் வயர்களில்தான் இறங்கும். இதோடு ஓட்டமும் குறைவு. வீட்டிலிருந்து எம்.சி. ரோடு, அங்கிருந்து மின்ட், நடுவில் நாலு சிக்னல். செல்ஃப் இழுத்த சார்ஜை அந்த இரண்டு கிலோமீட்டரில் வண்டியால் திருப்பிப் போட முடியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் வழியில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பேட்டரி குற்றவாளியாக இருப்பதைவிட அடிவாங்கியவனாக இருப்பதுதான் இங்கே அதிகம்.

எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். வண்டி எத்தனை நேரம் முடங்கும்? டெலிவரிக்கு ஓடுகிறவருக்கும் விடியும் முன்னே காசிமேட்டுக்குப் போகிறவருக்கும் அரை நாள் என்பது ஒரு பேட்டரி விலைக்குச் சமம். அடுத்து, பார்ப்பவர் அளந்து சொல்கிறாரா, ஊகித்துச் சொல்கிறாரா? மூன்றாவது, இன்றைய பில்லை விடுங்கள், மூன்று மாதத்தில் மொத்தம் எவ்வளவு ஆகும்? நான்காவது, வண்டியில் கார்புரேட்டரா, எஃப்ஐயா (கரண்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்), வாரன்டி மிச்சம் இருக்கிறதா? ஐந்தாவது, அதே கோளாறு திரும்பி வந்தால் யாரைப் போய்க் கேட்பது?

இரண்டாவது கேள்விதான் எனக்கு மற்ற நான்கையும்விடப் பெரியது.

யாரிடம் போனாலும் கேட்க வேண்டிய மூன்று எண்கள்

முதல் எண், ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்ட். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், டெர்மினலில் மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்கிறோமே, அதற்குள் இருப்பது ஆறு செல். ஒவ்வொன்றும் முழுச் சார்ஜில் சுமார் 2.1 வோல்ட். அதனால் 12.6க்கு மேல் இருந்தால் முழுசு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. இரவெல்லாம் சார்ஜ் போட்டும் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, இனி அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வண்டியை ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் எண் பொய்யாக அதிகம் காட்டும்.

இரண்டாவது, செல்ஃப் அமுக்கும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பது. 10க்கு மேல் நின்றால் நல்லது, 9.5 வரை பொறுக்கலாம். 7, 8 என்று சரிந்தால் பேட்டரி காலியாக இருக்கிறது, இல்லையென்றால் உள்ளே சத்தே போய்விட்டது. அமுக்கியும் வோல்ட் அசையவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் கரண்ட் ஓடவே இல்லை என்று அர்த்தம். அப்போது கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) என்று தேட வேண்டும். (கில் சுவிட்சை வீட்டுக் குழந்தை அமுக்கிவிட்டுப் போன கதைகள் தெருவுக்கு ஒன்று உண்டு. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.)

மூன்றாவது எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது, ஆக்ஸிலரேட்டரை நடு வேகத்துக்குத் திருகிப் பிடித்தால் டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் (சார்ஜ் வோல்ட்டை அடக்கி வைக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) தன் வேலையைச் செய்யவில்லை. பேட்டரி உள்ளுக்குள் கொதித்து வயிறு வீங்கும்.

மீட்டர் இல்லையா? பிரேக்கை மிதித்துப் பின் விளக்கை எரியவிட்டு செல்ஃபை அமுக்குங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். மங்காமல் நின்று எரிந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். ஹெட்லைட்டை நம்பி இதைச் செய்யக் கூடாது; பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அது எரியும்.

நேராகப் புது பேட்டரி

இருப்பதிலேயே வேகமான வழி. கடையில் நின்று அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்குக் காசு உண்டு, குப்பையில் போடாதீர்கள்.

இனி என் கதை. வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிக்கு இரண்டரை வயது. கடைக்காரர் மீட்டரை வைத்தார், 11.9 என்று காட்டியது, "அவுட்டு தம்பி, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். இரண்டு மாதத்தில் அதே டிக் டிக். சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள், மூன்று வாரம் ஓடியது. மறுபடி சார்ஜ். ஐந்தாறு முறை அடிவரை காலியான பேட்டரி அப்புறம் எதையும் தாங்கவில்லை. வாரன்டி கேட்டால் அட்டையில் முத்திரை இல்லை. இரண்டாவது பேட்டரி. இரண்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 3,000 ரூபாய். அதுவும் மூன்றாவது வாரம் சோர்ந்ததும்தான் ஓர் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். அவர் பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இன்ஜினிலிருந்து ஆர்ஆர் யூனிட்டுக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர் கப்ளரைப் பிடித்து இழுத்தார். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் டீத்தூள் நிறத்தில் உருகி இருந்தது. அந்தப் பின் கறுத்துப்போய், வயரோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. கப்ளரும் பின்களும் மாற்றி, கூலியோடு 250 ரூபாய்.

பேட்டரிக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 11.9 என்பது உண்மை. அது ஏன் 11.9 ஆனது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு இன்னும் உண்டு. பேட்டரியின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் எட்டு மாதம் தூங்கியது வேண்டாம். ஆசிட் ஊற்றித் தரும் வகை என்றால் முதல் சார்ஜ் முழுதாகப் போடாமல் மாட்ட விடாதீர்கள். அவசரத்தில் அதைத் தவிர்த்தால் பேட்டரி கடைசிவரை முழு பலத்துக்கு வராது. இன்னொன்று, சார்ஜ் வேகம். 3 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 0.3 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு மேல் போட வேண்டும், அதாவது அதன் பத்தில் ஒரு பங்கு. கார் பேட்டரி வரிசையில் இதையும் இணைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துத் தந்தால், அது சார்ஜ் இல்லை, சித்திரவதை.

பேட்டரிக்கு மூன்று, நான்கு வயதாகி, மூன்றாவது எண் 14 பக்கம் சரியாக வந்து, இரவு முழுக்க நிதானமாகச் சார்ஜ் போட்டும் மறுநாள் 12.4க்குக் கீழே இறங்கினால், யோசிக்காமல் இந்த வழிதான்.

தெரு மெக்கானிக்

வீட்டுக்கு வந்து பார்ப்பார், கடனுக்குச் செய்வார், வண்டியின் ஜாதகமே தெரியும். டெர்மினல் லூஸ், ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், கிக்கர் வைத்த பழைய கார்புரேட்டர் வண்டி: இவற்றுக்கு இவரை விட்டு வேறு யாரிடமும் போக வேண்டாம்.

சங்கடம் வயருக்குள் நுழையும்போதுதான். பெரும்பாலும் மாற்றி மாற்றிப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள்: முதலில் ரிலே, அப்புறம் ஆர்ஆர் யூனிட், அப்புறம் காயில் (இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் சுருள்). மாற்றியது எல்லாம் உங்கள் காசு. எங்கேயோ கரண்ட் அறுந்திருக்கிறது என்றால் புதிதாக ஒரு வயரை இழுத்து 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு வண்டி ஓடும். ஃபியூஸைத் தாண்டிப் போன அந்த வயர் ஒரு மழையில் உரசினால் ஹார்னஸோடு (வண்டியின் மொத்த வயர் கட்டு) எரியும்.

இரண்டு பழைய வித்தைகளை எஃப்ஐ வண்டியில் யார் செய்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு டெர்மினலையும் வயரால் உரசித் தீப்பொறி பார்ப்பது. இன்னொன்று, வண்டி ஓடும்போதே பேட்டரியைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்ப்பது. பேட்டரி இருக்கும்வரைதான் வோல்ட் அடங்கி நிற்கும். கழற்றிய நொடியில் எகிறினால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விடும். அதன் விலைக்குப் பல பேட்டரி வாங்கலாம்.

நல்ல மெக்கானிக்குக்கு ஓர் அடையாளம் உண்டு. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது வயரிங் கேஸுபா, எலக்ட்ரிக்கல்காரண்ட காட்டிடு" என்று அனுப்பிவிடுவார். அவரை விட்டுவிடாதீர்கள்.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை

ஜி.என்.டி. ரோடு ஓரத்திலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் லாரிக்கும் ஆட்டோவுக்கும் செல்ஃப் மோட்டார் கட்டித் தரும் சின்னக் கடைகள் இருக்கும். பைக் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்; எல்லோரும் பார்ப்பதில்லை.

பார்ப்பவர் கையில் பெரும்பாலும் முதலில் மீட்டர் இருக்காது, இரண்டு வயர் கட்டிய ஒரு பல்ப் இருக்கும். அதைப் பார்த்து ஏளனமாக நினைக்காதீர்கள். இருபது இழையில் ஒரே இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரில்கூட மீட்டர் அழகாக 12.5 காட்டும், ஏனென்றால் அது கரண்டை இழுப்பதில்லை. பல்பு இழுக்கும், அந்த வயரில் அது மங்கிவிடும். உப்பு அரித்த வயரைப் பிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை.

எர்த்தையும் இவர்கள்தான் ஒழுங்காகப் பார்ப்பார்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இன்ஜின் பாடியில். செல்ஃபை அமுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் கரண்டைத் தின்கிறது. பேட்டரி, மோட்டார் இரண்டும் நன்றாக இருந்தும் வண்டி டிக் டிக் என்னும் கேஸ்களில் பல இங்கே முடிந்துவிடும். போல்ட்டைக் கழற்றி, உப்புக்காற்று பிடித்ததை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும்.

காயிலையும் கழற்றாமலே சோதிக்கலாம். மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டியில் கப்ளரைப் பிரித்து, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பார்த்தால் மூன்று ஜோடியிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒரு ஜோடி படுத்திருந்தால் காயில் போச்சு. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எந்த மஞ்சளும் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. மூன்றும் சரி, டெர்மினலில் மட்டும் சார்ஜ் இல்லை என்றால் ஆர்ஆர் யூனிட், அல்லது என்னுடையதைப் போல நடுவில் இருக்கும் கப்ளர்.

குறைகளும் உண்டு. வேலை எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. ஒரு லாரி வந்து நின்றால் உங்கள் வண்டி ஓரமாகப் போகும். கூலியை முன்கூட்டியே பேசாவிட்டால் மாலையில் வாக்குவாதம். வெட்டி முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட் நம் ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது. ஈயம் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். எஃப்ஐ சென்சார் பக்கம் பலர் கை வைக்க மாட்டார்கள், வைக்காமல் இருப்பதே நல்லது.

கம்பெனி சர்வீஸ்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் எஃப்ஐ. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ எல்லாவற்றுக்கும் பேட்டரி கரண்ட் வேண்டும். அது சுத்தமாகக் காலி என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்தும் பயனில்லை. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேனர் இருக்கும் இடம்தான் சரி. வாரன்டி இருக்கும் வண்டியை வேறெங்கும் பிரிக்கவே விடாதீர்கள்.

ஆனால் இங்கே பின்னை மாற்ற மாட்டார்கள், ஹார்னஸை மாற்றுவார்கள். என் 250 ரூபாய் வேலை இங்கே பல ஆயிரமாகி இருக்கும். வண்டியைக் கொண்டுபோகும் செலவு தனி. மழைக்குப் பிறகு வரிசை நீளும். அப்புறம், நீங்கள் வெளியே மாட்டிய ஃபாக் லைட்டோ பெரிய ஹாரனோ கண்ணில் பட்டால், எந்தக் கோளாறுக்கும் அதுதான் காரணம் என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட.

சொந்தமாக ஒரு மல்டிமீட்டர்

ரிச்சி தெருவில் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். இதை மற்ற வழிகளுக்குப் போட்டியாக நினைக்க வேண்டாம். எந்தக் கடைக்குப் போவது என்று சொல்வது இதுதான்.

இரவில் சார்ஜ் கசிகிறதா என்று இதை வைத்துத்தான் பார்க்க முடியும். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். சில மில்லி ஆம்பியர் என்றால் சரி. ஜிபிஎஸ் டிராக்கரோ மலிவான மொபைல் சார்ஜரோ 20 மில்லி ஆம்பியர் தின்றால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர் போகும். 3 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று நாளில் பாதி. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் வண்டி ஊமை. மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது செல்ஃபை மட்டும் அமுக்கிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, இறுக்கி, மேலே வாஸ்லின். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

| வழி | வண்டி முடங்கும் நேரம் | அளக்கிறார்களா | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| புது பேட்டரி | அரை மணி | ஓய்வு வோல்ட் மட்டும் | காரணம் அப்படியே இருந்தால் இரண்டாவது பேட்டரி | பழைய பேட்டரி, சார்ஜ் 14 வருகிறது |
| தெரு மெக்கானிக் | ஓரிரு மணி | அபூர்வம் | தேவையில்லாத பார்ட்ஸ், 'டைரக்ட்' வயர் | டெர்மினல், ஃபியூஸ், சுவிட்ச் |
| எலக்ட்ரிக்கல் கடை | அரை நாள் முதல் இரண்டு நாள் | ஆம் | டேப் ஜாயின்ட், பேசாத கூலி | சார்ஜ் ஏறவில்லை, எர்த், வயர் |
| கம்பெனி சர்வீஸ் | ஒரு நாளுக்கு மேல் | ஸ்கேனரோடு | முழு யூனிட்டாக மாற்றுவது, வண்டி ஏற்றும் செலவு | வாரன்டி, எஃப்ஐ, இன்ஜின் விளக்கு |
| சொந்த மீட்டர் | பத்து நிமிடம் | நீங்களே | ஒரு ஞாயிற்றுக்கிழமை | எப்போதும், முதலில் |

தண்ணீரில் நின்ற வண்டி

இதற்கு மட்டும் மேலே உள்ள வரிசை பொருந்தாது. கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டியதாக இருக்கட்டும், வீட்டு வாசலிலேயே சீட்டு உயரத்துக்கு மூழ்கியதாக இருக்கட்டும், ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். ஈரமான கப்ளருக்குள் கரண்ட் போனால் அரிப்பு பல மடங்கு வேகமாகும், ஈசியூவும் போகலாம். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். சீட்டையும் பக்க மூடிகளையும் எடுத்து, கப்ளர்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டி என்றால் வெறும் தண்ணீர் போதாது. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி ஒவ்வொரு பின்னிலும் அடிக்க வேண்டும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்பதால் அடுத்தது மெக்கானிக்தான்: ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் பார்த்த பிறகே பேட்டரியை மாட்ட வேண்டும். பேட்டரி மூழ்கியதாலேயே செத்திருக்காது. தனியாகத் துடைத்து, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, மறுநாள் காலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 காட்டினால் அதையே மாட்டுங்கள்.